இரண்டு முழம் பாக்கி

“முடிக்க முடியலைங்க அம்மா,” என்றார் சென்னியப்பன்.

மடத்தம்மா தட்டைப்பயறு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“எதுங்க அண்ணா?”

“சேலைங்க.”

“எவ்வளவு பாக்கி?”

“ரெண்டு முழம்.”

“போன வெள்ளிக்கிழமை?”

சென்னியப்பன் யோசித்தார்.

“ஒண்ணேகால் முழம்ங்க.”

உரித்த கை நின்றது. மடத்தம்மா இப்போதுதான் அவரைப் பார்த்தாள்.

“அப்படீன்னா சேலை வளருதா, தேயுதா?”

அவள் முறத்தை நகர்த்தி அவர் முன்னால் வைத்தாள். அவரும் உட்கார்ந்து பயறு உரித்தார்.



மலையடிவாரத்தில் ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, நாலு செவ்வரளிச் செடி. அதுதான் மடம்.

மடத்தம்மாவுக்கு வயது நாற்பதைத் தொடவில்லை. முன்பு எங்கோ பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தாள் என்று ஊரில் பேச்சு. அவள் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. வந்தவர்களுக்குச் சோறு போட்டாள். கேள்வி கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஏதாவது வேலை கொடுத்தாள்.

சென்னியப்பனுக்கு அறுபத்தொன்று. முப்பத்தைந்து வருஷம் பெட்ஷீட் நெய்தவர். அந்த ஊரே பெட்ஷீட் நெய்கிற ஊர். ஏழு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மடத்துக்கு வந்து வாசல் பெருக்குவார். வயதில் இளையவளைக் குருவாக வைத்துக்கொண்டதைப் பற்றி யாராவது சிரித்தால், “கிணத்துக்கு வயசு கேட்டா தண்ணி மொள்றோம்?” என்பார்.

இப்போது அவர் வீட்டுத் தறியில் ஏறியிருந்தது பெட்ஷீட் அல்ல. பட்டுச் சேலை. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் ஓரம்.

ஓரத்துக்கும் உடலுக்கும் வேறு வேறு நூல். இரண்டும் சேரும் கோட்டில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்குப் பெயர் கோர்வை. ஒருவரால் ஆகாத வேலை. தறிக்காரர் உடல் நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே ஓடவிட, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஓரத்துக்கான நாடாவை விட வேண்டும். ஒரு இழை முந்தினாலும் பிந்தினாலும் கோடு பல்லிளிக்கும்.

சென்னியப்பனின் மனைவி வேலம்மாள் ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மாதமாக உட்கார்ந்தாள்.

சேலை அவருடைய தங்கை மகள் கௌசிகாவுக்கு. கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள். தாய்மாமன் சேலை.



மறுநாள் காலையில் மடத்தம்மா அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“காட்டுங்க.”

சென்னியப்பன் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். விரலால் தொட்டுக் காட்டினார்.

“இந்த இடம். கோடு வளைஞ்சிருக்குது பாருங்க.”

அவள் குனிந்து பார்த்தாள்.

“தெரியலைங்களே.”

“இங்க ஒரு இழை தளர்வு.”

“அதுவும் தெரியலை.” வேலம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியுதுங்களா அக்கா?”

“எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒண்ணுதானுங்க,” என்றாள் வேலம்மாள். “போன வாரம் போட்ட ஓரத்தையேதான் இந்த வாரமும் போடறேன். பகல்ல நெய்யறாரு. விடிஞ்சா பிரிக்கறாரு. பட்டு நூலு பாவம், பஞ்சாப் போயிரும் போல இருக்குது.”

“யார் கண்ணுக்கும் தெரியாத பிழையை எதுக்குங்க பிரிக்கறீங்க?”

“ஒருத்தி கண்ணுக்குத் தெரியும்ங்க,” என்றார் சென்னியப்பன்.

“யாரு?”

“என் தங்கச்சி. தெய்வாத்தா. எங்கப்பன் சின்ன வயசுல காஞ்சிபுரத்துல தறி போட்டவரு. எங்க ரெண்டு பேருக்கும் அவர்தான் கோர்வை பழக்கிவிட்டாரு. நான் நடுவுல, அவ ஓரத்துல. என்னைவிட அவளுக்குக் கண்ணு கூர்மை.”

“பாத்தா என்ன சொல்லுவாங்க?”

“எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டா.”

“ஏன்?”

“பேசறதில்லைங்க. பதினோரு வருஷமாச்சு.”

வேலம்மாள் எழுந்து உள்ளே போனாள்.

மடத்தம்மா தரையில் உட்கார்ந்தாள். காத்திருந்தாள்.



சென்னியப்பன் சொன்னது இது.

அவருடைய அம்மா இறந்தது ஒரு ஐப்பசி மாதம். தெய்வாத்தாள் அப்போது மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூட்டில் இருந்தாள். அவள் புருஷனுக்கு அங்கே மில் வேலை. காலையில் சேதி போனது. உடனே பஸ் ஏறினாள். திம்பம் மலைப்பாதையில் ஒரு லாரி வளைவில் சிக்கி வழி அடைத்துக்கொண்டது. பஸ்ஸிலிருந்து போன் பண்ணினாள்.

“அண்ணா, வழி விட்டுட்டாங்களாம். இன்னும் ரெண்டு மணி நேரத்துல வந்துருவேன். அம்மா மொகத்தைப் பாத்துக்கறேன். பொறுத்திருங்க.”

“சரி சாமி, வா,” என்றார் இவர்.

அவள் வந்து சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அம்மா படுத்திருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

தெய்வாத்தாள் வாசல்படியில் நின்றாள். விளக்கைப் பார்த்தாள். அழவில்லை. அப்படியே திரும்பி, வந்த வழியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோனாள்.

“மேகம் கட்டியிருந்துச்சுங்க அம்மா,” என்றார் சென்னியப்பன். “வெறகு நனைஞ்சிரும்னு பெரியவங்க எல்லாம் அவசரப்படுத்தினாங்க.”

“மழை பெஞ்சுதுங்களா?”

அவர் நாடாவைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார்.

“தூறல்கூட இல்லைங்க.”

பிறகு அவள் குடும்பம் இந்தப் பக்கமே வந்துவிட்டது. இரண்டு பஸ் மாறினால் அவள் ஊர். ஆனாலும் ஒரு விசேஷத்துக்கும் வரவில்லை. கல்யாணப் பத்திரிகையைக்கூட கௌசிகாதான் தனியாக வண்டியில் வந்து வைத்தாள். தாம்பாளத்தை நீட்டி, “மாமன் சேலை இல்லாம மணையில உக்கார மாட்டேனுங்க மாமா. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்,” என்றாள். பத்திரிகையின் பின்பக்கம் தன் அம்மாவின் போன் எண்ணை எழுதிவைத்துவிட்டுப் போனாள்.

கடையில் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அன்றைக்கே பட்டு நூலுக்குச் சொல்லி அனுப்பினார்.

மடத்தம்மா எல்லாவற்றையும் கேட்டாள். எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அக்கா, மடத்துல பத்து நாளைக்குச் சமையலுக்கு ஆள் வேணும். காலையில வந்து பொழுது சாயத் திரும்பிரலாம். வர்றீங்களா?”

வேலம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“இப்பவே வரட்டுங்களா?”



“என்னுங்க அம்மா இது!” சென்னியப்பன் பின்னாலேயே தெருமுனை வரை ஓடினார். “ஓரத்துக்கு ஆள் இல்லாம நான் எப்படி நெய்யறது?”

“இந்த ஊர்ல வேற யாருக்கும் கோர்வை தெரியாதுங்களா?”

“பெட்ஷீட் ஊருங்க இது. யாருக்குத் தெரியும்?”

“ஊருக்கு வெளியே?”

அவர் நின்றுவிட்டார்.

மடத்தம்மா நிற்கவில்லை. வேலம்மாளும் நிற்கவில்லை. இரண்டு பேரும் எதையோ பேசிக்கொண்டு மலைப்பக்கம் போனார்கள். வேலம்மாள் சிரிப்பது கேட்டது.



அவர் தனியாக நெய்து பார்த்தார்.

நடுவில் உட்கார்ந்து ஒரு நாடா விடுவார். குழியிலிருந்து ஏறி, பக்கவாட்டில் வந்து குனிந்து ஓரத்துக்கு ஒன்று விடுவார். மறுபடி குழியில் இறங்குவார். முட்டி கழன்றது. முதல் நாள் நாலு விரல் அகலம் வந்தது. இரண்டாம் நாள் மூன்று.

மூன்றாம் நாள் அந்த ஏழு விரலையும் பிரித்தார். இந்தத் தடவை பிழை நிஜமாகவே இருந்தது.

நேராக மடத்துக்குப் போனார். மடத்தம்மா கிணற்றில் நீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

“போன் பண்ணலாம்னு இருக்கறனுங்க.”

“பண்ணுங்க.”

“எடுத்தா என்ன சொல்றது? மன்னிச்சிருன்னு சொல்லலாம். அதை எத்தனையோ பேர்கிட்டச் சொல்லி அனுப்பிட்டேன். காதுல போட்டுக்கலை. ஊர்ப் பெரியவங்களை வெச்சுப் பேசலாம்னா கல்யாண வூட்ல கூட்டம் கூடற மாதிரி ஆயிரும். வேற எப்படிங்க ஆரம்பிக்கறது?”

“என்கிட்ட வந்து என்ன சொன்னீங்க?”

“எப்ப?”

“போன வெள்ளிக்கிழமை. வந்ததும் சொன்னீங்களே.”

“முடிக்க முடியலைன்னு சொன்னேன்.”

மடத்தம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு அரளிச் செடிகள் பக்கம் போய்விட்டாள்.

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். எண்ணை ஒவ்வொன்றாக அமுக்கினார். இரண்டு தடவை தப்பாக அமுக்கினார்.

மணி அடித்தது.

“யாருங்க?”

பதினோரு வருஷத்தில் குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

“நான்தான் தெய்வா.”

எதிர்ப்பக்கம் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது. அது நின்றது. அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

“பொண்ணு சேலையை என்னால முடிக்க முடியலை,” என்றார்.

அதற்குமேல் என்ன சொன்னாலும் அது வேறு ஏதோ ஆகிவிடும் என்று அவருக்குப் பட்டது.

“எவ்வளவு பாக்கி?” என்றாள் தெய்வாத்தாள்.

“ரெண்டு முழம்.”

போன் அறுந்தது.



மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். கையில் ஒரு மஞ்சள் பை. சென்னியப்பன் வாசலில் நின்றிருந்தார். அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தாண்டிப் போனாள்.

“உனக்காக வரலை,” என்றாள், தறியைப் பார்த்துக்கொண்டே. “எம்பொண்ணு சேலை நிக்குதுன்னு வந்தேன்.”

“சரி.”

அவள் சுருட்டி வைத்திருந்த சேலையை விரித்து, வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கோட்டின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். விரல் ஒரு இடத்தில் நின்றது.

“இதைப் பாத்தியா?”

அவர் குனிந்தார். ஆரம்பித்து மூன்றாவது முழம். ஓர நூல் ஒன்று உடலுக்குள் ஒரு இழை ஏறி, பிறகு இறங்கியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன் நெய்தது. அவர் அதைப் பார்த்ததே இல்லை. கடைசி மூன்று முழத்தைத்தான் திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் அந்த இடத்தை நகத்தால் தொட்டார்.

“பிரிச்சிரட்டுமா தெய்வா?”

“பிரி. பிரிச்சுப்போட்டு, அடுத்த வருஷத்துக்கு வேற மாப்பிள்ளையும் நீயே பாரு.”

அவள் சிரிக்கவில்லை. சேலையை மறுபடி இழுத்துச் சுருட்டினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வலது பக்கம் உட்கார்ந்தாள். ஓர நாடாவை எடுத்து எடை பார்த்தாள்.

“உக்காரு. பொழுது ஏறுது.”

அவர் குழியில் இறங்கினார்.

முதல் பத்துப் பன்னிரண்டு இழை ஒட்டவில்லை. இவர் விடும்போது அவள் காத்திருந்தாள். அவள் விடும்போது இவர் தயங்கினார். பிறகு அது தானாக வந்தது. இவர் விட்டதும் அவள் விட்டாள். கோடு நேராக ஏறியது.

அன்று பொழுதுக்கும் நெய்தார்கள். சாயங்காலம் மடத்திலிருந்து வேலம்மாள் வந்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். எப்போதும் இரண்டு தட்டு வைக்கிற இடத்தில் மூன்று வைத்தாள்.



இரண்டாம் நாள் பதினோரு மணி இருக்கும். நாடா போய்வந்து கொண்டிருந்தது.

“அம்மா மொகம் எப்படி இருந்துச்சு?” என்றாள் தெய்வாத்தாள்.

சென்னியப்பனின் கால் தறியின் மிதிகட்டையில் நின்றது.

“அன்னிக்கு மழை வர்ற மாதிரி…”

“மழையைக் கேக்கலை. மொகத்தைக் கேட்டேன்.”

அவர் மிதியை அழுத்தினார். நாடாவை விட்டார். அவளும் விட்டாள்.

“இடது பக்கம் சாஞ்சிருந்துச்சு,” என்றார். “தூங்கறப்ப சாயுமே, அப்படித்தான்.”

“கண்ணு?”

“மூடியிருந்துச்சு. வலது கண்ணு மட்டும் ஒரு நூலு தெறந்திருந்துச்சு. நான் மூடினேன். மறுபடியும் தெறந்துச்சு. விட்டுட்டேன்.”

“வாய்?”

“மூடித்தான் இருந்துச்சு. துணி கட்ட வேண்டியிருக்கலை.”

“மூக்குத்தி?”

“கழட்டப் பாத்தாங்க. சோப்புத் தண்ணி விட்டும் வரலை. அம்மா என்னிக்கும் கழட்ட விட்டதில்லையே, ஞாபகம் இருக்குதா? அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.”

ஓர நாடா ஒரு கணம் தாமதித்து வந்தது.

“என்ன சேலை?”

“ஊதாவுல கட்டம் போட்டது. நீ அந்தத் தீபாவளிக்குக் குடுத்தது. மடிப்புப் பிரிக்காம பெட்டியில வெச்சிருந்துச்சு. வேலம்மாதான் எடுத்துக் கட்டினா.”

“நெத்தியில?”

“திருநீறு. நான்தான் வெச்சேன். கை தவறி மூக்கு மேல கொட்டிப்போச்சு. வேட்டியில தொடச்சேன். அந்த வேட்டி இன்னும் இருக்குது.”

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவரால் நிறுத்த முடியவில்லை.

“வாசல்ல ஹார்ன் சத்தம் கேட்டப்பல்லாம் எல்லாரும் திரும்பிப் பாத்தோம். நீயா இருக்குமோன்னு. மூணு தடவை பாத்தோம். நாலாவது தடவை நான் பாக்கலை.”

நாடா இவர் கையிலேயே இருந்தது.

“பெரியவங்க அவசரப்படுத்தினாங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். வேலம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கறேன். மடத்தம்மாகிட்டயும் சொன்னேன். அவங்க யாரும் அவசரப்படுத்தலை தெய்வா. ‘புள்ள வரட்டும்’னுதான் சொன்னாங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன். அந்த ஒரு நூலுக் கண்ணு என்னையே பாத்துட்டு இருந்துச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் அதுக்கு முன்னால உக்கார என்னால முடியலை.”

தறி நின்றிருந்தது. தெருவில் யாரோ காய்கறி விற்றுக்கொண்டு போனார்கள்.

தெய்வாத்தாள் அவரைப் பார்க்கவில்லை. ஓரத்து நூலில் ஒரு சிறு பிசிர் இருந்தது. அதை நகத்தால் கிள்ளி எடுத்தாள். எடுத்த பிறகும் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து ஓர நாடாவைக் கையில் எடுத்தாள்.

“மிதி,” என்றாள்.

அவர் மிதித்தார்.

அன்று அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழவில்லை. அவரும் எழவில்லை.



மூன்றாம் நாள் வெயில் சாயத் தொடங்கியபோது கடைசி இழையும் விழுந்தது. அவர் இழை நெருக்கும் பலகையை இழுத்து இரண்டு தட்டுத் தட்டினார். கோடு நேராக இருந்தது. விரலால் தடவிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

“முடிஞ்சிருச்சு,” என்றார்.

சேலையை இறக்க, நீளவாட்டுப் பாவு நூலை அறுக்க வேண்டும். கத்தியை எடுத்தார்.

“இரு. அறுக்காதே.”

“ஏன் தெய்வா? பிழை இருக்குதா?”

“இல்லை.”

அவள் நாடாவை வைத்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் சேலையின் மேல் விரித்து வைத்துக்கொண்டாள்.

“அம்மா மொகத்தை இன்னொருக்கா சொல்லு,” என்றாள். “மொதல்ல இருந்து.”